நட்சத்திர மீனை உண்ணும் இறால்

உயிர்கள் யாவும் உணவினாலேயே நிலைபெறுகின்றன. ஆயினும், உணவு கொள்ளும் வகையில் எல்லா உயிர்களும் ஒரு தன்மையன அல்ல. காகம் கிடைத்ததை உண்டு எவ்விடத்தும் வாழ்கின்றது; பட்டுப்புழுவோ முசுக்கட்டை இலையின்றி வாழமாட்டாது. பலவகை உணவை ஏற்கும் உயிர் இடமும் காலமும் மாறினும் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஒரே வகை உணவைப் பற்றிநிற்கும் உயிர், அவ்வுணவு குன்றியவிடத்துத் தானும் குன்றும். கடல்வாழ் உயிர்களுள் இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைவது, நட்சத்திர மீன்களையே உண்டு வாழும் ஒரு சிறிய இறாலாகும். அதன் அழகைக் கண்டு மயங்கி, வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டியில் அதனை வளர்க்க விரும்புவோர் இன்று உலகெங்கும் பலர். அவ்விறாலின் இயல்பு யாது, அது இரையைக் கொள்ளும் முறை யாது, அதனை வளர்க்கப் புகுவோர் ஏற்கவேண்டிய பொறுப்பு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விறாலை முதன்முதலில் அறிவியலுலகிற்கு விவரித்தவர் யேம்ஸ் டுவைற் டேனா என்னும் அமெரிக்க அறிஞர் ஆவர். ஐக்கிய அமெரிக்க அரசு 1838ஆம் ஆண்டு தொடக்கம் 1842ஆம் ஆண்டு வரை நடாத்திய கடலாய்வுப் பயணத்தில் உடன்சென்ற அவர், 1852ஆம் ஆண்டில் இதற்கு 'ஹைமனோசெரா பிக்டா' எனப் பெயரிட்டார். முதற்சொல் 'சவ்வுபோன்ற கொம்புடையது' எனவும், இரண்டாஞ்சொல் 'வண்ணந் தீட்டப்பெற்றது' எனவும் பொருள்படும். இறாலின் தலைமுன் நீண்டு நிற்கும் சிறிய உணர்கொம்புகள் இலைபோலத் தட்டையாகி விரிந்திருத்தலே அப்பெயருக்குக் காரணம். பின்னர் 1861ஆம் ஆண்டில் ஹெல்லர் என்பார் 'ஹைமனோசெரா எலகன்ஸ்' என மற்றொன்றை விவரித்தார். இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழ்வது பின்னையது எனவும், அவாய்த் தீவுகளிலும் கிழக்குப் பசிபிக்கிலும் வாழ்வது முன்னையது எனவும் சிலர் பிரித்துரைப்பர்; இரண்டும் ஓரினமே என்பார் வேறு சிலர். வணிகர் இதனை 'ஹார்லிக்குவின் இறால்' என வழங்குவர். பழைய இத்தாலிய நகை நாடகங்களிற் பல நிறத் துண்டுகளாலான உடையணிந்து தோன்றும் கோமாளியின் பெயரே அது.

அப்பெயர் பொருந்துவதே. முழு வளர்ச்சியடைந்த இறாலும் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளத்திற்கு மேற்செல்வதில்லை. பால்போன்ற வெண்ணிற உடலில், ஊதாவும் இளஞ்சிவப்பும் கபிலமும் ஆகிய பெரும் புள்ளிகள் நீல விளிம்புடன் திகழ்கின்றன. கால்களிலே நீலப் பட்டைகள் காணப்படும். உடலுக்குப் பொருந்தாத அளவிற் பெரியனவாய், துடுப்புப்போல் அகன்று தட்டையான இரு கவ்விகளை அது முன்னே தாங்கி நிற்கும். அவற்றை மெல்ல அசைத்தசைத்து அது நடக்கும்போது நடனமாடுவது போலத் தோன்றும். ஆயின், உணவை வெட்டி வாய்க்குக் கொணரும் தொழிலைச் செய்வன இப்பெருங்கவ்விகள் அல்ல. அவற்றின் முன்னுள்ள மெல்லிய, கூரிய சிறு கவ்விகளே. ஆணினும் பெண் பெரியது. பெண்ணின் வயிற்றுப் பகுதியின் பக்கத் தகடுகளில் நிறப்புள்ளிகள் உண்டு. ஆணுக்கு அவை இல்லை. இவ்வேற்றுமை கொண்டு இணையைத் தெரிந்தெடுத்தல் கூடும்.

இனி, இதன் இரையாகிய நட்சத்திர மீனை நோக்குவோம். பெயரளவில் மீனாயினும் அது மீனன்று. கடல் முள்ளி, கடலட்டை ஆகியவற்றோடு சேர்ந்து முட்டோலிகள் என்னும் கணத்தைச் சார்ந்தது. அதற்குத் தலையில்லை, மூளையில்லை, குருதியும் இல்லை. நடுவில் ஒரு வட்டத்தட்டும், அதிலிருந்து பிரியும் கைகளும் உள்ளன. பெரும்பாலான இனங்களுக்குக் கைகள் ஐந்து. தோலிற் சுண்ணகத் துண்டுகள் பதிந்திருத்தலால் உடல் வன்மையுடையதாய் இருக்கின்றது. கைகளின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் வரிசையாக அமைந்துள்ளன. உடலினுள் ஓடும் நீர்க்குழாய்த் தொகுதியின் அமுக்கத்தால் அவை நீண்டும் குறுகியும் இயங்கி, பாறையை இறுகப் பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு பற்றிய நட்சத்திர மீனை மனிதர் கையாற் பெயர்ப்பதும் எளிதன்று. அங்ஙனமாக, விரலளவினதாகிய இறால் அதனை வெல்வது எவ்வாறு?

அவ்விறால் இரையைக் கண்ணாற் கண்டு தேடுவதிலும் பார்க்க மணத்தால் அறிந்து தேடுவதே மிகுதி. நட்சத்திர மீனின் மணம் நீரிற் கலந்து வந்தவுடன், இலைபோன்ற உணர்கொம்புகள் விரைந்து அசையத் தொடங்கும். நட்சத்திர மீனை அடைந்ததும் இறால் அதன்மேல் ஏறி, ஒரு கையின் ஓரத்தைப் பற்றி உயர்த்த முயலும். குழாய்க்கால்களை ஒவ்வொன்றாகக் கிள்ளும்போது, அவை பிடியை விட்டு உட்சுருங்கும். பிடி தளர்ந்தவிடத்து இறால் கையைச் சிறிது சிறிதாக மேலே தள்ளி, ஈற்றில் இரை முழுவதையும் மல்லாக்கப் புரட்டிவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழிற்படும்போது இது விரைவில் முடிகின்றது. புரட்டப்பெற்ற இரையைத் தம் ஒதுக்கிடத்துக்கு இழுத்துச் சென்று, கையின் நுனியிலிருந்து நடுத்தட்டை நோக்கி, குழாய்க்கால்களையும் மென்தசைகளையும் உண்ணும். நடுத்தட்டு இறுதிவரை எஞ்சுவதால், இரை பல நாட்களுக்கு உயிரோடே இருக்கும். இறந்தது விரைவில் அழுகும்; உயிருள்ளது அழுகாது. இயற்கையின் இவ்வேற்பாடு மனிதருக்குக் கொடிதாகத் தோன்றினும், இறாலுக்கு உணவைக் கெடாது காக்கும் வழி அதுவேயாகும்.

இவ்விறால்களின் இல்வாழ்க்கையும் கருதத்தக்கது. செருமனியைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளராகிய வொல்வ்காங் விக்கிலர், ஊற்றா சைப்ட் ஆகிய இருவரும் 1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இவற்றை விரிவாக ஆராய்ந்தனர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து நெடுங்காலம் ஒன்றாக வாழ்வதையும், ஒன்று தன் துணையைப் பிற இறால்களினின்று வேறுபிரித்து அறிவதையும் அவர்கள் காட்டினர். பெண் தோல் கழற்றிய பின் குறுகிய காலத்துக்கு மட்டுமே கருக்கொள்ளத் தகுதியுடையது; பரந்த கடலில் அச்சிறு வேளையில் துணையைத் தேடிக் காண்பது அரிதாகையால், ஆண் அதனைப் பிரியாது காத்து நிற்கின்றது என்பது அவர்தம் விளக்கம். ஆதலின், தொட்டியில் வளர்ப்போர் தனியொன்றை வாங்குவதிலும் இயல்பாக இணைந்த சோடியை வாங்குதல் நன்று. ஒரே பாலைச் சேர்ந்த இரண்டைச் சேர்த்துவைப்பின் அவை போரிட்டு மடிதலும் கூடும்.

இவ்விறால் அறிஞர் கவனத்தை ஈர்த்தமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. முருகைக் கற்பாறைகளிலுள்ள உயிர்த்தசையை உண்டழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீன் என ஒன்று உளது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத் தொடரில், கிறீன் தீவின் அயலில், 1962ஆம் ஆண்டில் அது பெருந்தொகையாகப் பெருகி அழிவை விளைத்தது. இலங்கையின் கரையோரத்திலும், சிறப்பாகத் திருகோணமலைப் பகுதியில், 1970ஆம் ஆண்டுகளில் அதன் பெருக்கம் கவலைக்குரியதாயிற்று. அதனை உண்ணும் உயிர்கள் சிலவே. பெருஞ்சங்கினமாகிய திரைற்றன் சங்கு ஒன்று. ஹைமனோசெரா இறால் மற்றொன்று. பனாமா நாட்டின் பசிபிக் கரையில் ஆராய்ந்த பீற்றர் கிளின் என்னும் அறிஞர், இறால் முதலிற் காயப்படுத்த, அக்காயத்தின் வழியே ஒருவகைக் கடற்புழு உட்புகுந்து உண்ண, இரண்டுஞ் சேர்ந்து முட்கிரீட நட்சத்திர மீனை மாய்ப்பதைக் கண்டார். ஆயினும், இறாலைப் பெருக்கிக் கடலில் விட்டால் தொல்லை நீங்கும் எனக் கருதுதல் பொருந்தாது. அது மெல்ல உண்பது, எண்ணிக்கையிற் குறைந்தது, முள்ளற்ற பிற நட்சத்திர மீன்களையும் உண்பது.

இனி, தொட்டியில் வளர்க்கும் முறையைக் கூறுவாம். முருகைத் தொட்டி என்னும் கலை மிகப் பழையதன்று. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் கடல்நீரையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு முருகைகளைத் தொட்டியில் வாழவைத்த முறையை 1961ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாறையிற் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து நீரைத் தூய்மையாக்கும் என்பதே அம்முறையின் உட்பொருள். இன்றைய முருகைத் தொட்டிகள் பல கருவிகளைக் கொண்டனவாயினும், அடிப்படை அதுவே.

ஹைமனோசெரா இறாலுக்குப் பெருந்தொட்டி வேண்டுவதில்லை. 40 முதல் 60 இலீற்றர் நீர் கொள்ளும் தொட்டி ஒரு சோடிக்குப் போதியது. பெருந்தொட்டியில் விடப்பெற்ற இறால் பாறையிடுக்கில் மறைந்துவிடுமாகையால், அது உண்கின்றதா பட்டினியாற் கிடக்கின்றதா என்பதை அறிதல் அரிதாகும். நீரின் வெப்பநிலை செல்சியசு 24 முதல் 27 பாகைக்குள்ளும், தன்னீர்ப்பு 1.023 முதல் 1.025 வரையிலும், பீ.எச். பெறுமானம் 8.1 முதல் 8.4 வரையிலும் இருத்தல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் சிறிதும் இருத்தலாகாது. மீன்களின் நோய்க்கு மருந்தாக இடப்படும் செம்பு உப்பு, இறால் முதலிய ஓட்டுயிர்களுக்குக் கொடிய நஞ்சாகும். முன்னொருகால் செம்பு இடப்பெற்ற தொட்டியையும் தவிர்த்தல் நன்று. புதிதாகக் கொணர்ந்த இறாலை உடனே தொட்டியில் விடலாகாது. அது வந்த நீரில் தொட்டி நீரைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒரு மணித்தியாலத்திற்குக் குறையாத நேரத்தில் பழக்குதல் வேண்டும். உப்புத்தன்மை சடுதியாக மாறுவதை முள்ளெலும்பற்ற இவ்வுயிர்கள் தாங்கமாட்டா.

பாறைகளை அடுக்கும்போது, இரையை இழுத்துச் சென்று வைக்கத்தக்க ஒரு சிறு குகை அமைத்தல் வேண்டும். உடன்வாழும் உயிர்களைத் தெரிவதிலும் கவனம் தேவை. கிளாத்தி மீன், பெரிய கிளிமீன், சிங்க மீன், பருந்து மீன் என்பன இறாலை உண்ணும். பருந்துபோல் மறைந்திருந்து தாக்கும் வெட்டிறால் பாறையோடு வந்துவிடின் அதனை நீக்கல் வேண்டும். மாறாக, ஹைமனோசெராவினால் மீனுக்கோ முருகைக்கோ நத்தைக்கோ யாதொரு தீங்கும் இல்லை. ஆனால், அழகுக்காக வளர்க்கும் நட்சத்திர மீன் எதனையும் அதனோடு சேர்த்து வைத்தல், புலியின் கூட்டில் ஆட்டைக் கட்டுவதை ஒக்கும்.

எல்லாவற்றினும் தலையாயது உணவே. மீன்தசை, மட்டித்தசை, உலர்த்திய மீனுணவு முதலியன எவையும் நட்சத்திர மீனுக்கு ஈடாகா. இதனை அறியாது வாங்குவோரும், அறிந்தும் பின்னர் பார்க்கலாம் எனக் கருதுவோரும் உளர். ஒரு நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் நடைபெறுவதாகும். முருகைத் தொட்டிகளில் அஸ்ரெரினா எனப்படும் நகக்கண்ணளவான நட்சத்திர மீன்கள் பாறையோடு வந்து, உடலைப் பிளந்து பிளந்து பெருகுவதுண்டு. அவற்றை ஒழிக்க இவ்விறாலை வாங்கி விடுவர். சில வாரங்களில் அவை முற்றும் ஒழியும். தொட்டியின் உரிமையாளர் மகிழ்வர். இறாலோ அன்றுதொட்டுப் பட்டினியில் வீழும். அது வாரக்கணக்கிற் பட்டினி தாங்கவல்லது. ஆகையால் அதன் துன்பம் உடனே புலப்படாது. நிறம் மங்கி, நடை தளர்ந்து, தோல் கழற்றும்போது வலிமையின்றி ஒருநாள் இறந்து கிடக்கும். 'காரணந் தெரியவில்லை' என்பர். காரணம் வெளிப்படையானதே.

உணவளிக்கும் முறைகள் மூன்று வழக்கில் உள. முதலாவது, முழு நட்சத்திர மீனை உயிரோடு இடுதல். வணிகத்தில் எளிதிற் கிடைப்பது, மேற்புறத்தில் கரிய முகிழ்கள் கொண்ட புரொத்தோரீஸ்றர் இனமாகும். ஒரு சோடி அதனை உண்டு முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இறுதி நாட்களில் இரை இறந்து அழுகுமாயின், சிறு தொட்டியின் நீர் ஓரிரவிலேயே கெடும். ஆதலின் எச்சத்தை உடனுக்குடன் அகற்றல் வேண்டும். இரண்டாவது, நட்சத்திர மீன்களை வேறொரு தொட்டியில் வைத்து, அவ்வப்போது ஒரு கையை மட்டும் வெட்டி இடுதல். நடுத்தட்டு ஊறுபடாதிருப்பின் இழந்த கை மீண்டும் வளரும். மூன்றாவது, கைகளைத் துண்டுகளாக்கிக் குளிரில் உறையவைத்து, வேண்டியபோது எடுத்து இடுதல். இம்முறையில் உணவு வீணாவதில்லை. பெரும்பாலான இறால்கள் இதனை ஏற்கின்றன. சிறு துண்டை நீண்ட இடுக்கியாற் பிடித்து, இறாலின் ஒதுக்கிடத்தருகில் வைத்தல் போதும்.

இம்முறைகளின் பொருளை உணர ஒரு சிறு கணக்குப் பயன்படும். மாதத்திற்கு ஒரு முழு நட்சத்திர மீன் இடப்படின், ஆண்டொன்றுக்கு 12 உயிர்கள் மாயும்; இரண்டாண்டிற்கு 24 ஆகும். சிக்கனமாக 10 நாளுக்கு ஒரு கை என இடப்படின், ஆண்டிற்கு ஏறக்குறைய 36 கைகள் வேண்டும். வெட்டிய கை வளர மாதங்கள் பல செல்லுமாதலால், ஒரு மீனிடமிருந்து ஆண்டிற்கு 2 கைகளுக்கு மேல் எடுத்தல் தகாது எனக் கொண்டால், 18 நட்சத்திர மீன்களை உணவளித்துக் காத்தல் வேண்டும். இரண்டு சிறு இறால்களுக்காக, அவற்றினும் பன்மடங்கு பெரிய 18 உயிர்களுக்கு மற்றொரு தொட்டி! கண்ணுக்கு விருந்தாகும் அழகின் உண்மையான விலை கடைக்காரர் கூறும் விலையன்று, இக்கணக்கே அது.

நட்சத்திர மீனுக்கு மூளை இல்லையாதலால் அதனைக் காய்கறிபோற் கருதலாம் என்பர் சிலர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. அதன் வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும், ஒவ்வொரு கைக்கும் ஒரு நரம்பு நாணும் உண்டு. கைநுனியில் ஒளியை உணரும் பொட்டும் உண்டு. ஊறு நேரின் அது சுருங்குகின்றது. இறாலின் பிடியினின்று தப்ப முயல்கின்றது. மேலும், அது விரைவிற் பெருகும் உயிருமன்று. பிலிப்பைன்சில் ஆராயப்பெற்ற புரொத்தோரீஸ்றர் மீன்கள் இனப்பெருக்கப் பருவம் எய்த 2 முதல் 3 ஆண்டு சென்றதாக அறியப்பட்டது. வணிகத்தில் வருவன பெரும்பாலும் கடலிற் பிடிக்கப்பெற்றவையே. எனவே, தொட்டியிலுள்ள ஒவ்வோர் இறாலின் பின்னும் கடலடிப் புற்றரையொன்றின் இழப்பு மறைந்து நிற்கின்றது.

இவ்விழப்பைக் குறைக்கும் வழிகளும் உண்டு. அஸ்ரெரினா போன்று பிளவினாற் பெருகும் சிறிய இனங்களை, ஒளியும் பாசியும் உள்ள தனித்தொட்டியில் வளர்க்கலாம். லிங்கியா மல்ரிபோரா என்னும் இனம் தானே ஒரு கையைக் கழற்றிவிடும் இயல்பினது. கழன்ற கையும் நடுத்தட்டையும் ஏனைய கைகளையும் முளைப்பித்து முழு உடலாகும். ஒரு கை நீண்டும் பிற கைகள் குறுகியும் வால்வெள்ளிபோலத் தோன்றும் இவற்றைப் பேணிப் பெருக்குதல் பொறுமையுள்ளார்க்கு இயல்வதாகும். முழு மீனாக வாங்குவோரும் அதனை உறையவைத்துப் பகிர்ந்திடின், மாதம் ஒன்று என்னும் தேவையைப் பாதிவரை குறைத்தல் கூடும்.

நல்லுணவு பெற்ற சோடி ஏறக்குறைய மூன்று வாரத்திற்கு ஒருமுறை தோல் கழற்றும். கழற்றிய தோல் இறந்த இறாலைப்போலக் கிடத்தலால், புதியோர் அஞ்சுதல் இயல்பு. அவ்வேளையில் உடல் மென்மையாயிருக்குமாகையால், தொட்டியைக் கலக்காது விடல் வேண்டும். அதன்பின் பெண் முட்டையிட்டு, அவற்றை வயிற்றுக் கால்களின் இடையே தாங்கித் திரியும். பொரித்த குடம்பிகள் நீரில் மிதந்து பல வாரம் வாழ்ந்த பின்னரே அடியில் இறங்கி இறால் வடிவம் பெறும். அவற்றைத் தனிக்கலத்தில், மென்மையான நீரோட்டத்தில், உவரிறாற் குஞ்சுகளை ஊட்டி வளர்த்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டுகளில் அவாய்த் தீவுகளில் இவ்வாறு முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை வளர்த்துக் காட்டினர். ஆகவே, கடலிற் பிடித்ததை வாங்காது, தொட்டியிற் பிறந்ததை வாங்குவோர் கடலுக்கு ஓரளவு நன்மை செய்தோராவர்.

இவ்விறாலை வளர்த்தல் தகுமா, தகாதா என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான விடை கூறல் இயலாது. கடலில் அது நட்சத்திர மீனை உண்பது குற்றமன்று.  தொட்டியிலோ, இரையைத் தெரிபவரும் இடுபவரும் மனிதரே. ஆதலின் அங்கு நிகழும் ஒவ்வொரு வேட்டைக்கும் அவரே பொறுப்பாளர். அடுத்த மாதத்து உணவு எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு விடை கண்டபின் இறாலை வாங்குவோர், அதன் வாழ்க்கையினின்று அரிய பலவற்றைக் கற்பர். விடை காணாதார் அதனைக் கடலிலேயே விட்டுவைத்தல் அவ்வுயிருக்கும் அதன் இரைக்கும் செய்யும் நன்மையாகும். ஓர் உயிரை வளர்ப்பது என்பது, அதனைக் கண்டு களிப்பது மட்டுமன்று. அது எதனால் வாழ்கின்றதோ அதனையும் சேர்த்துக் காப்பதாகும்.